கோக்கியாரும் முதல் விலையும்

உலகத்தில் சாமான் வாங்கப் போகிற எவனும் விலை கூடினால்தான் சண்டை பிடிப்பான். விலையைக் குறைத்ததற்காக வியாபாரியோடு சண்டை பிடித்த ஒரே மனிதரை நான் கண்டது திருகோணமலைப் படகுத்துறையில், எங்கள் வாயில் சொன்னால் ஜெட்டியில்தான். அவர் எங்கள் கோக்கியார்.

கோக்கி என்றால் எங்கள் பக்கத்தில் சமையல்காரர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும்வரை அவர்களுடைய குசினியில் நின்றவர். கப்பல்கள் போன பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரு நீளக் கத்தியும் பொல்லாத கோபமும்தான். அந்த இரண்டையும் கொண்டு எங்கள் சமறிக்கு வந்து சேர்ந்தார். சமறி என்பது வெளியூரிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த தனிக்கட்டைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஒரு சமையல்காரரை வைத்துச் சாப்பிடும் வீடு. எங்கள் சமறி உட்துறைமுகப் பக்கம் இருந்தது. அதில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் அரசாங்கக் கிளாக்கர்மார். ஐந்து பேருக்கும் கோக்கியாரைக் கண்டால் பயம்.

எங்களில் மூத்தவரை நாங்கள் சேர்குலர் அண்ணர் என்போம். கந்தோரில் சுற்றறிக்கை எழுதுவது அவருடைய வேலை. வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். குளியலறைக் கதவைத் தட்டுவதென்றாலும் "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்குவார். அது எழுபதுகளின் தொடக்கம். பருப்பும் பெரிய வெங்காயமும் கப்பலில் வருவது நின்றுபோய், உள்ளூரில் விளைந்ததைத் தின்னுங்கள் என்று அரசாங்கம் சொன்ன காலம். உள்நாட்டு விவசாயியை ஊக்குவிப்பது ஒவ்வொரு பிரஜையினதும் தலையாய கடமை என்று சேர்குலர் அண்ணர் எழுதின கடதாசி மாவட்டம் முழுக்கப் போனது. அதை மறந்துவிடாதீர்கள். அந்தக் கடதாசியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரிலிருந்து காலையில் வருகிற மோட்டார்ப் படகான லோஞ்சில் தோப்பூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சாக்கும் ஓலைக் கடகமுமாக வந்து இறங்குவார்கள். கத்தரி, வெண்டி, பாவற்காய், பயற்றங்காய், பூசணி, மரவள்ளி, சட்டித் தயிர். இறங்கின இடத்திலேயே சாக்கை விரித்து விற்பார்கள். இடையில் தரகரும் இல்லை, கடையும் இல்லை. விடியப் பிடுங்கினது எட்டு மணிக்கு நம் பைக்குள் இருக்கும். அந்த மாதிரி ஒரு கத்தரிக்காயை இன்றைக்கு எந்தப் பட்டணத்திலாவது காட்டுங்கள் பார்க்கலாம்.

ஆனால் அதே லோஞ்ச் பகல் பன்னிரண்டுக்குத் திரும்பிப் போய்விடும். அன்றைக்கு அதுதான் கடைசி. புறப்படக் கொஞ்ச நேரம் இருக்கும்போது முதல் சங்கு ஊதும், கயிற்றை அவிழ்க்கும்போது கடைசிச் சங்கு. விற்காத மரக்கறியைத் திருப்பிக் கொண்டுபோனால் வாங்க ஆளில்லை. போகிற ஊர் முழுக்க அதே மரக்கறிதான். ஆகவே முதல் சங்கு கேட்டதும் விலை பாதியாக விழும். கடைசிச் சங்கில் கேட்ட விலைக்குக் கொட்டிவிட்டு ஓடுவார்கள். இது ஊருக்கே தெரியும். ஊரில் இதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தோம்: சங்கு விலை.

எட்டு மணிக்கு அவர்கள் வந்து இறங்கும்போது திரும்பியும் பார்க்காத மனிதர்கள் பதினொன்றரைக்கு ஜெட்டிக்கு வருவார்கள். படித்த மனிதர்கள், பூசைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், தொழுகைக்குப் போகிறவர்கள், எல்லோரும்தான். மடித்த பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்பார்கள். கந்தோர் நாட்களில் எங்களைப் போன்றவர்கள் தபாற்கந்தோர் அலுவல், பல்வலி என்று சாட்டுச் சொல்லிவிட்டு வருவோம். அந்தக் கூட்டத்தைப் பார்க்கிற வெளியூர்க்காரன், திருகோணமலைக்காரருக்குக் கடற்காற்று என்றால் உயிர் என்று நினைப்பான். சங்கு ஊதினதும் அந்தக் காற்று வாங்கிகள் பாய்கிற பாய்ச்சலைப் பார்த்தால் அப்படி நினைக்கமாட்டான்.

கோக்கியார் எட்டு மணிக்குப் போவார். விலை கேட்பார். சொன்ன விலையைக் கொடுப்பார். அவ்வளவுதான். இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் ஜெட்டியில் அவரைக் கண்டால் வியாபாரிகளே விலை சொல்லப் பயப்படுவார்கள்.

இறக்கக்கண்டியிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவருகிற ஒருவர் ஒருநாள் பாரை மீன் ஒன்றுக்கு விலை சொன்னார். கோக்கியார் பேசாமல் சட்டைப் பைக்குள் கையை விட்டார். மீன்காரருக்கு வழக்கதோஷம். யாரும் பேரம் பேசாமல் நின்றால் அவருக்கு மூச்சு முட்டும். "சரி, உங்களுக்கெண்டபடியா குறைச்சுத் தாறன்" என்று தானாகவே விலையைக் குறைத்தார்.

கோக்கியாரின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. முகம் சிவந்தது. "அப்ப முதல் சொன்னது என்ன?" என்றார். "ஒரு நிமிசத்துக்குள்ள உன்ட மீன் பழுதாப் போச்சோ? இல்லாட்டி நீ முதல் சொன்னது பொய்யோ? ரெண்டில ஒண்டைச் சொல்லு."

மீன்காரர் எதைச் சொன்னாலும் மாட்டுவார். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அவர் பழைய விலைக்கே தருகிறேன் என்று கும்பிட்டார். பொய் சொன்ன வாயிலிருந்து மீன் வாங்க ஏலாது என்று கோக்கியார் வந்துவிட்டார். அன்று மத்தியானம் நாங்கள் ஐந்து பேரும் சோறும் சம்பலும் சாப்பிட்டோம். மீன் எங்கே என்று கேட்கிற தைரியம் சேர்குலர் அண்ணருக்குக்கூட வரவில்லை.

முதல் விலை கொடுக்கிறவருக்கு முதல்தரமான சாமான் வேண்டும். அதுவும் அவருடைய சட்டம். ஒருமுறை வெண்டிக்காய் நார்பற்றியிருந்தது. வேறு யாராவது என்றால் வீட்டில் முணுமுணுப்பார்கள். கோக்கியார் சமைத்த வெண்டிக்காய்க் கறியைக் கோப்பையில் போட்டு மூடி, அடுத்த நாள் ஜெட்டிக்குக் கொண்டுபோனார். விற்றவர் தோப்பூர்ப் பாத்தும்மா. நாற்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, தனியாகத் தோட்டம் செய்கிறவர். அவருக்கு முன்னால் கோப்பையை வைத்து, "தின்டு பார்" என்றார் கோக்கியார்.

பாத்தும்மா கோப்பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மரக்கறி மட்டும் காய்ச்சுகிற சட்டியா என்று விசாரித்தார். ஓம் என்று கோக்கியார் மாதாமேல் சத்தியம் பண்ணினார். பாத்தும்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றுமுடித்தார். விரலைக் கழுவிக்கொண்டு, "வெண்டிக்காயில பிழையில்ல அண்ணன். நீங்கதான் உப்பைக் கூடப் போட்டுட்டீங்க" என்றார். ஜெட்டி முழுக்கச் சிரித்தது. கோக்கியார் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாளிலிருந்து கத்தரி, வெண்டி எல்லாம் பாத்தும்மாவிடம்தான். தனக்கு நேரே நின்று எதிர்த்துப் பேசுகிறவரைத்தான் அவர் நம்புவார் போலிருக்கிறது.

சமறிக்கு மாதத்துக்கு ஒருவர் பொறுப்பு. சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக் காட்டுகிறவனுக்கு எங்களுக்குள் பெரிய மதிப்பு. என்னுடைய மாதம் வந்தது. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. மூளை நிறையக் கெட்டித்தனம் இருப்பதாக எண்ணம். கோக்கியாருக்குத் தெரியாமல் ஒருநாள் சங்கு விலைக்கு இரண்டு பூசணிக்காய் வாங்கிக் குசினியில் வைத்தேன். அவர் வந்து காம்பைப் பிடித்துப் பார்த்தார். சங்குக்கு முந்தியோ பிந்தியோ என்று கேட்டார். முந்தி என்று பொய் சொன்னேன். இது நாலு மணித்தியாலம் வெயிலில் கிடந்த பூசணி, காம்பே சொல்லுகிறது என்றார். பிறகு இரண்டையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கோட்டை வாசலில் திரிகிற மான்களுக்கு வெட்டிப் போட்டுவிட்டு வந்தார். மான்கள் சாப்பிட்டனவா என்று கேட்டேன். அவற்றுக்கு எங்கள் யோக்கியதை தெரியாது, சாப்பிட்டன என்றார்.

எனக்குச் சுரணை வந்திருக்கவேண்டும். வரவில்லை. ரோசம்தான் வந்தது. நான் பொறுப்பாளன், அவர் சம்பளத்துக்கு நிற்கிற சமையல்காரர், யார் சொல்வதை யார் கேட்பது என்று எரிந்துகொண்டு திரிந்தேன். இருபத்துநாலு வயதில் எனக்கு இருந்த திமிரை இப்போது நேரே கண்டால் இரண்டு அறை கொடுப்பேன்.

அந்த மாதம் மார்கழி. ஐந்து நாளாக மழை. அன்று கடல் கொந்தளித்து, காலை லோஞ்ச் எட்டு மணிக்கு வரவில்லை, ஒன்பதுக்கும் வரவில்லை. ஜெட்டிக்கு வந்து சேரப் பதினொன்று தாண்டிவிட்டது. லோஞ்சை ஓட்டுகிற தண்டயல் இறங்கின கையோடு சொல்லிவிட்டார்: கடல் இன்னும் மோசமாகும், பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷமும் பிந்தாமல் திரும்புவேன்.

அந்த லோஞ்சில் பாத்தும்மா நாலு சாக்குக் கத்தரிக்காயோடு வந்தார். அவர் அத்தனை கத்தரிக்காய் கொண்டுவந்ததை யாரும் கண்டதில்லை. எட்டு மணியிலிருந்து மழையில் குடையோடு காத்து நின்ற கோக்கியார் காரணம் கேட்டார்.

"கங்கை பெருகித் தோட்டத்து வேலிக்கு வந்துட்டு அண்ணன். அந்திக்கிடையில எல்லாம் தண்ணிக்குள்ள போயிரும். பிஞ்சு முத்தல் பாக்காம அம்புட்டையும் பறிச்சிட்டு வந்தன். இந்த வரிசத்துக்கு இவ்வளவுந்தான். இதை வித்தாத்தான் அடுத்த விதைப்பு."

இதைப் பாத்தும்மா ரகசியமாகச் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். ஓம், நானும் நின்றேன். பல்வலி என்று சொல்லிவிட்டு வந்து, வெற்றுப் பையோடு அந்த வளையத்துக்குள் நின்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு பெண்ணின் ஒரு வருஷப் பாடு நாலு சாக்கில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதை விற்க அவருக்கு ஒரு மணித்தியாலமும் இல்லை. இதைக் கேட்டுவிட்டு அந்த வளையம் என்ன செய்தது தெரியுமா? ஓரடி பின்னுக்குப் போய்க் கடலைப் பார்க்கத் தொடங்கியது. இன்றைக்குச் சங்கு விலை வழக்கத்தையும்விட மலிவாக இருக்கும் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

கோக்கியார் தன்னுடைய கடகம் கொண்ட மட்டும் வாங்கினார். பிறகு ஒவ்வொருவரிடமாகப் போய், வாங்குங்கோ, வாங்குங்கோ என்று கேட்டார். ஒருவர் வீட்டில் கத்தரிக்காய் கிடக்கிறது என்றார். ஒருவர் கத்தரிக்காய் தனக்குக் கிரந்தி, தின்றால் உடம்பெல்லாம் சொறியும் என்றார். நான் இன்னொருவரின் குடைக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். முதல் சங்கு ஊதியது. கிரந்திக்காரர்தான் முதல் ஆளாகப் பையை விரித்தார்.

கோக்கியார் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கடகத்தைக் கீழே வைத்தார். குடையை மடக்கிப் பாத்தும்மாவிடம் கொடுத்தார். நேரே ஜெட்டியின் விளிம்புக்கு நடந்து, லோஞ்சின் கயிறு மாட்டியிருந்த இரும்புக் கட்டைக்குப் போய், கயிற்று வளையத்தின்மேல் உட்கார்ந்துகொண்டார். அந்த உடம்பு ஓரிடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

தண்டயல் ஓடி வந்தார். கடல் கறுத்துக்கொண்டு வருகிறது, எழும்புங்கள் என்று கெஞ்சினார்.

"அந்த நாலு சாக்கும் வெறுமையாகட்டும்" என்றார் கோக்கியார். "முதல் சொன்ன விலைக்கு. பிறகு எழும்புறன்."

இரண்டு லோஞ்ச்காரர்களை விட்டுத் தூக்கச் சொன்னார் தண்டயல். இரண்டு பேரும் மூதூர் ஆட்கள். ஒருவருக்குப் பாத்தும்மா மாமி முறை. அவர்கள் தூக்கின தூக்கலை நான் அவருடைய முதுகுப் பக்கம் நின்று பார்த்தேன். கையை அவருடைய கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முகத்தைச் சுளித்து, முக்கி, ஒரு அங்குலமும் தூக்கவில்லை. மாமி முறைக்காரர் குனிந்து அவருடைய காதுக்குள், இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள் என்று சொன்னதும் எனக்குக் கேட்டது.

சங்கு திரும்ப ஊதியது. மூன்றாம் தரமும் ஊதியது. வழக்கப்படி விலை விழவேண்டும். விழவில்லை. லோஞ்ச் போய்விடும் என்ற பயத்தில்தான் விலை விழுந்தது, அந்தப் பயத்தின்மேல் இப்போது கோக்கியார் உட்கார்ந்திருந்தார். பாத்தும்மா குடையைப் பிடித்துக்கொண்டு முதல் சொன்ன விலையையே சொன்னார். கிரந்திக்காரர் பாதிக்குக் கேட்டார். பாத்தும்மா கேட்காதது மாதிரி இருந்தார். வளையத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் சங்கு அவர்களை ஏமாற்றினதில்லை.

லோஞ்சுக்குள் இருந்த பயணிகளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. முதலில் கோக்கியாரை ஏசினார்கள். அவரை ஏசிப் பிரயோசனம் இல்லை என்று கண்டதும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். "வாங்கித் தொலைக்கிறீங்களா, இல்லையா? நாங்க பிள்ளைகுட்டிக்காரர்" என்று கத்தினார்கள். ஒரு மூதூர் வாத்தியார் பொறுமை இழந்து, நனைந்த குடையோடு இறங்கி வந்து, மூன்று றாத்தல் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு லோஞ்சில் ஏறினார். அன்று காலை மூதூரிலிருந்து கடல் கடந்து வந்த கத்தரிக்காய் மத்தியானம் திரும்பவும் மூதூருக்கே போனது. அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் இறங்கினார்கள்.

அப்போதுதான் கோக்கியாரின் கண்ணில் நான் பட்டேன்.

"தம்பி, நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

"இப்பதான். சும்மா, காத்து வாங்க."

"மழைக்குள்ளயோ?"

கோக்கியார் என்னுடைய பையைப் பார்த்தார். ஜெட்டியே என்னைப் பார்த்தது. அந்தக் கிழமைக்கு வைத்திருந்த சமறிக் காசை அப்படியே நீட்டி ஒரு முழுச் சாக்கு வாங்கினேன். நல்ல மனத்தோடு வாங்கினேன் என்று எழுத ஆசைதான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாங்கினேன்.

எனக்குப் பின்னால், நிறுத்தியிருந்த லொறிக்கு மறைவில், வெள்ளை நீளக்கைச் சட்டை ஒன்று தெரிந்தது. சேர்குலர் அண்ணர். அவரும் காற்று வாங்கத்தான் வந்திருந்தார். கோக்கியார் இருந்த இடத்திலிருந்தே அவரை அழைத்தார்.

"ஐயா, நீங்கள் எழுதின கடதாசியைக் குசினியில ஒட்டி வச்சிருக்கிறன். ஊக்குவிக்கிறது எண்டு என்னவோ வருமே. இவையளுக்கும் ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சேர்குலர் அண்ணர் காதுவரை சிவந்து, லொறிக்குப் பின்னாலிருந்து வந்து, ஐந்து றாத்தல் வாங்கினார். அதற்குப் பிறகு வளையம் உடைந்துவிட்டது. மாவட்டத்துக்கே கடதாசி எழுதுகிற மனிதர் வாங்கினபிறகு மற்றவர்கள் எப்படிச் சும்மா நிற்பது? கிரந்திக்காரரும் வாங்கினார். கால் மணித்தியாலத்தில் நாலு சாக்கும் வெறுமை. கோக்கியார் எழுந்தார், கயிற்றைத் தானே கழற்றித் தண்டயலின் கையில் கொடுத்தார். லோஞ்ச் பன்னிரண்டரைக்குப் போனது. அது பத்திரமாக மூதூர் சேர்ந்தது என்று பின்னேரம் தகவல் வரும்வரை அவர் ஜெட்டியை விட்டு அசையவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அன்று பொழுதுபடும் நேரம் சேர்குலர் அண்ணர் சாப்பாட்டு மேசையில் கூட்டம் கூட்டினார். கடல் போக்குவரத்துக்கு இடையூறு, அரச ஊழியர்களின் இல்லத்துக்கு அவப்பெயர், மேலிடம் அறிந்தால் விளக்கம் கோரும், ஆகையால் மேற்படி சமையற்காரரை உடனடியாக நிறுத்துதல். வாக்கெடுப்பு. ஐந்து கதிரையிலிருந்தும் ஐந்து கை எழுந்தது. என்னுடைய கை கடைசியாக எழுந்தது என்பதில் ஒரு பெருமையும் இல்லை. எழுந்தது, அவ்வளவுதான். அந்தக் கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் கை தூக்கும்போது குசினியில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். ஒன்றும் கேட்காதவர் மாதிரிக் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சோறு வைத்தார். கத்தியைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. ஆனால் சாப்பிடத் திறந்தது. அப்படி ஒரு குழம்பை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. ஐந்து மானங்கெட்டவர்களும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

பிறகு தொடங்கியது தண்டனை. என்னுடைய ஒரு சாக்குக் கத்தரிக்காய் வீட்டில் கிடந்தது. கிழமைச் செலவுக்குக் காசும் இல்லை. முறை வைத்துச் சமைத்தோம். கரிந்த கத்தரிக்காய், வேகாத கத்தரிக்காய், ஒருநாள் இரண்டுமான கத்தரிக்காய். சேர்குலர் அண்ணரின் முறையன்று கத்தரிக்காய் நீலமாக வந்தது. எப்படி என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்பதாம் நாள் சாக்கு முடிந்தது. சம்பளமும் வந்திருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு, பெரிய மனத்தோடு, காலை எட்டு மணிக்கே ஜெட்டிக்குப் போனேன்.

மழை விட்டு, கடல் அடங்கியிருந்தது. பாத்தும்மா வந்திருந்தார். தோட்டம் தண்ணீருக்குள், தமக்கையின் மேட்டுக் காணியில் கிளறின மரவள்ளிக் கிழங்கு முன்னால் குவிந்திருந்தது. முதல் விலையே கொடுக்கப்போகிறேன் என்ற பெருமையோடு என்ன விலை என்று கேட்டேன்.

"விக்கிறதுக்கில்ல" என்றார் பாத்தும்மா.

"அப்ப ஏன் வச்சிருக்கிறியள்?"

"பாக்கிறதுக்கு."

பக்கத்தில் பாவற்காய் விற்கிறவரிடம் போனேன். அவர் சாக்கால் மூடினார். தயிர்க்காரர் சட்டியைத் திருப்பி வைத்தார். இறக்கக்கண்டி மீன்காரர், அன்றைக்குக் கோக்கியாரிடம் அவ்வளவு ஏச்சு வாங்கின மனிதர், என்னைக் கண்டதும் சைக்கிளை உருட்டிக்கொண்டே போய்விட்டார். காசை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒரு கீரைப்பிடி தர ஆளில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இது என்ன நியாயம் என்று பாத்தும்மாவிடம் கேட்டேன்.

"எங்களுக்காகக் குந்தின மனிசன்ட வேலையை நீங்க பறிச்சீங்க" என்றார் அவர். குரல் உயரவில்லை. "அவர் வந்து கேட்டா விக்கிறம். உங்களுக்கு எங்கட மரக்கறி இல்ல மகன்."

நான் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அன்று பின்னேரம் ஐந்து பேரும் கோக்கியாரின் வீடு இருந்த அன்புவழிபுரத்துக்குப் போனோம். சேர்குலர் அண்ணர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். அப்படியென்றால் நாளைக்கும் உங்கள் முறைச் சமையல்தான் என்றோம். சட்டையை மாட்டிக்கொண்டு முன்னுக்கு நடந்தார்.

கோக்கியார் முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கொத்து பலமாக விழுந்தது. அவருடைய மனைவி வந்து எங்களை இருக்கச் சொன்னார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். கோக்கியார் எங்களைப் பார்க்காமல் மனைவியிடம், தான் கதைக்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னார். அவர் கதைக்கமாட்டாராம் என்று அந்த அம்மா சொன்னார். இடையில் நாலடி தூரம்தான். சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம் என்றோம். சம்பளம் யார் கேட்டது என்று கேட்கச் சொன்னார். யார் கேட்டது என்று அம்மா கேட்டார். வேறு என்னதான் வேண்டும் என்று நான் கத்தியேவிட்டேன்.

கோடரி நின்றது. "நாளைக்கு எட்டு மணிக்கு ஐஞ்சு பேரும் என்னோட ஜெட்டிக்கு வரோணும். கையில பை இருக்கோணும்" என்றார், இந்தமுறை நேரேயே.

போனோம். கந்தோருக்குப் போகிற உடுப்போடு, ஆளுக்கொரு பையோடு, கோக்கியாருக்குப் பின்னால் வரிசையாகப் போனோம். வழியில் கண்டவர்கள் செத்தவீட்டுக்கோ என்று விசாரித்தார்கள். ஜெட்டியில் ஆளுக்கு ஒரு சாமான் வாங்கவேண்டும் என்று கட்டளை. சேர்குலர் அண்ணருக்குப் பாவற்காய். விலை சொன்னதும் அவருடைய வாய் வழக்கப்படி திறந்தது. கோக்கியார் இருமினார். வாய் மூடியது. மற்ற மூன்று பேரும் வேர்க்க விறுவிறுக்க வாங்கிமுடித்தார்கள்.

எனக்கு மரவள்ளிக் கிழங்கு. பாத்தும்மாவுக்கு முன்னால் போய் நின்று விலை கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு அன்றைக்கு ஒரு நல்ல ஆட்டுக்குட்டி வாங்கலாம். பக்கத்தில் இருந்த தயிர்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் காலையில்தான் முதல்தடவையாக வரவில்லை. கொடுக்கவேண்டியதுதான் என்று பட்டது. பையிலிருந்த சம்பளத்தை எடுத்து நீட்டினேன்.

ஒரு பெரிய கை வந்து என்னுடைய கையைத் தடுத்தது.

"தங்கச்சி, இது விலையில்லை. இது கோவம்" என்றார் கோக்கியார். "கோவத்தைத் தராசில நிறுத்து விக்கக்கூடாது."

"இவரும் கை தூக்கினவர்தானே அண்ணன்?"

"ஓம், தூக்கினவர்தான்." அவர் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் சொன்னார். "எண்டாலும் எங்கட பொடியன். கொஞ்சம் குறைச்சுச் சொல்லு."

பாத்தும்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவற்காய்க்காரர் தராசைக் கீழே வைத்தார். கோக்கியார் ஒரு பொருளுக்கு விலை குறைக்கச் சொல்லிக் கேட்டதை அந்த ஜெட்டி அதற்குமுன் கேட்டதில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. பாத்தும்மா குறைத்துச் சொன்ன விலைக்கு நான் கிழங்கை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரும் என் முகத்தைப் பார்க்காதபடி, சமறி போய்ச் சேரும்வரை கோக்கியாரின் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தேன்.